காக்ளியர் வெச்ச புள்ளைக்கு எம்ஆர்ஐ எழுதிக் குடுத்திருக்காங்க, எடுக்கலாமா? ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொண்ணு சொல்றாங்க

கொழிஞ்சாம்பாறை அப்பா:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், வீட்டுல தமிழ், பள்ளிக்கொடத்துல மலையாளம், ஆசுபத்திரின்னா பாதி பாலக்காடு பாதி கோயமுத்தூர்னு ஓடிட்டிருக்கற குடும்பம். என் பொண்ணு ஏழாவது படிக்கறா. பொறந்ததுல இருந்தே ரெண்டு காதும் கேக்காது. 2016ல மூணு வயசுல கேரளா கவர்மெண்டோட ஸ்ருதிதரங்கம் திட்டத்துல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல வலது பக்கம் காக்ளியர் இம்ப்ளாண்ட், அதான் காது கேக்கறதுக்கு ஆபரேஷன் பண்ணி உள்ள வெக்கற கருவி, வெச்சாங்க. அதுக்கப்பறம் தெரபி, மேப்பிங் (கருவிய புள்ளைக்குத் தகுந்த மாதிரி சரி பண்றது)னு அலைஞ்சு அலைஞ்சு இப்ப நல்லா பேசறா, அவங்க அம்மா கிட்ட தமிழ், ஃப்ரெண்ட்ஸ் கிட்ட மலையாளம்.

மூணு வாரம் முன்னாடி காலைல பல்லு வெளக்கிட்டு இருந்தவ அப்படியே விழுந்துட்டா, ஃபிட்ஸ். போன வாரம் ரெண்டாந்தடவ. நியூரோ டாக்டர் மூளைக்கு எம்ஆர்ஐ எடுங்க, முடிஞ்சா 3 டெஸ்லா மெஷின்ல எடுங்கன்னு எழுதிட்டாரு. காக்ளியர் இருக்குன்னு சொன்னோம், வெளிய நல்ல கூட்டம், ஸ்கேன் சென்டர்ல சொல்லுங்க அவங்க பாத்துக்குவாங்கன்னுட்டாரு.

அங்க போனா ஃபார்ம் ஒண்ணு குடுத்தாங்க, பேஸ்மேக்கர் இருக்கா, கிளிப் இருக்கா, கர்ப்பமான்னு வரிசையா கேள்வி, காக்ளியர்ங்கற வார்த்தையே அதுல இல்ல. வீட்டுக்காரி மெஷினத் தான் கழட்டிட்டோமேன்னு எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் போட்டுட்டா. ப்ராசஸர, அதான் காதுல வெளிய மாட்டற மெஷின, வாங்கி ட்ரேல வெச்சாச்சு, கவுன் மாத்தியாச்சு, ரூம் கதவு வரைக்கும் போயாச்சு. அந்த டெக்னீசியன் பையன் கிளிப் எதும் இருக்கான்னு பாக்க ஜடையத் தூக்கினவன் காதுக்குப் பின்னாடி தழும்பப் பாத்துட்டு "இது எந்தா?"ன்னு கேட்டான் பாருங்க, அதோட நிறுத்தி வெளிய அனுப்பிட்டாங்க. அந்தப் பையன் ஜடையத் தூக்கலைன்னா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் ராத்திரி தூக்கம் வரதில்லீங்க.

அப்பறம் கோயமுத்தூர்ல ரெண்டு எடத்துக்கு ஃபோன் பண்ணேன். ஒருத்தர் காக்ளியரா, எடுக்கவே முடியாதுன்னு வெச்சுட்டாரு. இன்னொருத்தர் 1.5ல எடுக்கலாம், டாக்டர் லெட்டர் கொண்டாங்கங்கறாரு. எதை நம்பறது? எடுத்தா உள்ள இருக்கறது கெட்டுப் போயிருமா, எடுக்காம விட்டா ஃபிட்ஸ் ஏன் வருதுன்னே தெரியாமப் போயிருமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


பொள்ளாச்சிக்காரன்:

அண்ணா பயப்படாதீங்க, எங்க மாமாவுக்கு ரெண்டு காதுலயும் மெஷின், போன வருஷம் முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தாங்க. மெஷினக் கழட்டி சட்டைப் பையில போட்டு அத்தை கிட்ட குடுத்துட்டு உள்ள போனாரு, ஒண்ணும் ஆகல. கழட்டிட்டா போதும்ணா.


கம்பம் எம்ஆர்ஐ டெக்:

பொள்ளாச்சி தம்பி, நல்ல மனசோட தான் சொல்றீங்க, ஆனா அது வேற இது வேற. உங்க மாமா போட்டிருந்தது ஹியரிங் எய்டு, காதுல மாட்டுறது, கழட்டுனா உடம்புல ஒண்ணும் மிச்சமில்ல. காக்ளியர் அப்படி இல்ல. வெளிய தெரியுற ப்ராசஸரும் காயிலும் பாதி தான், மீதிப் பாதி தோலுக்கு அடியில எலும்புல குழி பண்ணி வச்சிருக்கு. வெளிய இருக்க காயில் தலையில ஒட்டிக்கிட்டு நிக்குதே, அது எப்படி நிக்குதுன்னு நினைக்கிறீங்க? உள்ளயும் ஒரு காந்தம் இருக்கு. அதை யாரும் கழட்டி ட்ரேல வைக்க முடியாது.

நான் தேனி பக்கம் எம்ஆர்ஐல தான் வேலை பாக்குறேன், குமுளி, வண்டிப்பெரியாறுல இருந்தெல்லாம் ஆளுக வருவாங்க. கொழிஞ்சாம்பாறை அண்ணே, உங்களுக்கு கொஞ்சம் விவரமா சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு, எங்க மெஷின் எப்பவும் ஆன்ல தான் இருக்கும். ஸ்கேன் ஓடும்போது மட்டும் காந்தம் வேலை செய்யும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, சத்தம் இல்லைன்னா ஆஃப்னு நினைக்கிறாங்க. இல்லவே இல்ல. அது ஹீலியத்துல குளுர வச்சிருக்குற காந்தம், ராத்திரி நாங்க லைட்ட அணைச்சுட்டு வீட்டுக்குப் போனாலும் அது இழுத்துக்கிட்டே தான் இருக்கும். 2018 ஜனவரில மும்பைல ஒரு ஆஸ்பத்திரில நோயாளியோட சொந்தக்காரர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு அந்த ரூமுக்குள்ள போயி, சிலிண்டரோட சேர்த்து மெஷின் இழுத்து உயிரே போச்சே, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அதனால உங்க பொண்ணு டேபிள்ல படுத்தாத்தான் ஆபத்துன்னு இல்ல, கதவு தாண்டுனாலே கணக்கு ஆரம்பிச்சுரும். அந்தப் பையன் கதவுலயே நிறுத்துனது பெரிய விஷயம்.

டெஸ்லாங்கிறது காந்தத்தோட பலம். 1.5 டெஸ்லான்னா பூமியோட காந்த பலத்துல சுமாரா 30,000 மடங்கு. 3ன்னா அதுல ரெட்டிப்பு. அவ்ளோ பெரிய காந்தத்துக்கு முன்னாடி தலைக்குள்ள ஒரு சின்னக் காந்தம் போனா, திசைகாட்டி முள்ளு மாதிரி அது திரும்பப் பாக்கும். திரும்ப எடம் இல்லாதப்ப தோலையும் தசையையும் நெம்பும், வலிக்கும், சில சமயம் குழிய விட்டே எந்திரிச்சுரும். அது போக உள்காந்தம் பலம் இழந்து போறது ஒண்ணு, உள்காதுக்குள்ள போற எலக்ட்ரோடு வயர் சூடாகுறது ஒண்ணு, இல்லாத சத்தம் கேக்குற மாதிரி நரம்பு தூண்டப்படுறது ஒண்ணு. இதெல்லாம் நடந்தே தீரும்னு சொல்லல. நடக்காம பாத்துக்கத் தான் கண்டிஷன்னு ஒண்ணு வச்சிருக்காங்க.

இந்த கண்டிஷன் தான் விஷயமே. உடம்புக்குள்ள வைக்கிற சாமானுக்கு எம்ஆர்ஐ விஷயத்துல மூணு அடையாளம். பச்சை சதுரம்னா பயமில்ல. சிவப்பு வட்டத்துல குறுக்குக் கோடுன்னா உள்ள விடவே கூடாது. மஞ்சள் முக்கோணம்னா நிபந்தனையோட எடுக்கலாம், எத்தனை டெஸ்லா, எந்த நிலையில தலை, எவ்ளோ சூடு, கட்டு கட்டணுமான்னு எழுதியிருக்குறபடி செஞ்சா மட்டும். வெளிய மாட்டுற ப்ராசஸரும் காயிலும் சிவப்பு, ரூமுக்குள்ளயே வரக்கூடாது. உள்ள இருக்குறது பெரும்பாலும் மஞ்சள். ரொம்பப் பழைய மாடல் சிலது சிவப்பு.

அதனால உங்களுக்கு மூணு எடத்துல மூணு பதில் வந்தது அவங்க பொய் சொன்னதால இல்ல. 3 டெஸ்லா மெஷின் மட்டும் வச்சிருக்குறவரு முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், 1.5 வச்சிருக்குறவரு பாக்கலாம்னு சொல்லலாம். காக்ளியருக்கு எடுக்கலாமான்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. எந்த கம்பெனி எந்த மாடல்னு கேட்டாத்தான் பதில் இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சப்ப கையில ஒரு கார்டு குடுத்திருப்பாங்க, அதைத் தேடி எடுங்க, மாடல் நம்பரை இங்க போடுங்க. அது வரைக்கும் யாரு எவ்ளோ தைரியம் சொன்னாலும் எந்த சென்டர் வாசலும் மிதிக்காதீங்க.


மார்த்தாண்டம் அம்மா:

அண்ணா நான் களியக்காவிளை பக்கத்துல. உங்க எழுத்தப் படிச்சதும் கை நடுங்கிட்டு, அதனால தான் எழுதுறேன். எனக்க மவனுக்கு 2012ல காக்ளியர் வச்சது. பதினொண்ணு படிக்கும்போ ஃபுட்பால் விளையாடி முட்டு பிசகிட்டு, லிகமெண்டு போயிருக்கும் எம்ஆர்ஐ எடுக்கணும்னு சொன்னாவ. முட்டுக்குத் தானே, தலைக்கு இல்லையே, காலு மட்டும் தானே உள்ள போவும்னு நாங்களும் நினைச்சோம், ஸ்கேன் எடுக்குற எடத்துல உள்ளவங்களும் அதையே சொன்னாவ. 1.5 மெஷின் தான். ஒரு சாதா ரோலர் துணிய எடுத்து தலையச் சுத்தி ரெண்டு சுத்து, அடிபட்ட காலுக்கு சுத்துவாவல்ல, அந்த மாதிரி லேசா. அம்புட்டுதான்.

டேபிளு உள்ள நகரும்போதே பய அலறிட்டான். தலையப் பிடிச்சுட்டு எழும்பப் பாத்தான். வெளிய எடுத்தாவ. கொஞ்சம் நேரத்துல காதுக்குப் பொறத்த வீங்கிட்டு. வீட்டுக்கு வந்து காயில வச்சா ஒட்டல. வச்ச உடனே தள்ளி விடும், வழுக்கி விழும். ராத்திரி முழுக்க நானும் அவனும் கண்ணாடி முன்ன நின்னு வச்சு வச்சுப் பாக்கோம், அவனுக்கு என்ன நடந்துன்னே சொல்லத் தெரியல, எனக்க வாயயே பாத்துட்டு நிக்கான். காலைல எக்ஸ்ரே எடுத்தா உள்ள இருக்க காந்தம் சரிஞ்சு ஒரு பக்கம் தூக்கி நிக்கி, பொட்டிக்க மூடி தொறந்த மாதிரி.

மறுபடியும் ஆபரேஷன், மயக்கம், தையல். இம்ப்ளாண்டு தப்பிச்சு, காந்தத்த மட்டும் திரும்ப வச்சாவ. காயம் ஆறுற வரைக்கும் ஆறு வாரம் அவனுக்கு ஒரு சத்தமும் இல்ல, பரீட்சை நேரம். முட்டுன்னாலும் இடுப்புன்னாலும் விரல்னாலும் அந்த ரூமுக்குள்ள போறது முழு ஆளு தான் அண்ணா. இத எல்லா தாய் தகப்பன் கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.


கம்பம் எம்ஆர்ஐ டெக்:

அக்கா சொன்னதுல முட்டு விஷயத்த எல்லாரும் கவனிங்க. கால் ஸ்கேனுக்கு காலு நடுவுல இருக்கும், தலை மெஷினோட வாய்ப்பக்கம் வரும். இழுக்குற விசை கூடுதலா இருக்குறதே அந்த வாய்ப்பக்கம் தான், நடுவுல போனா திருப்புற விசை கூடும். ரெண்டுல எது வந்தாலும் கட்டு சரியில்லைன்னா காந்தம் நிக்காது. தலை இல்லைங்கிறதால ஆபத்து இல்லைன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க.


கொழிஞ்சாம்பாறை அப்பா:

அக்கா, படிச்சுட்டு வீட்டுக்காரி அழுதுட்டா. தம்பி இப்ப நல்லா இருக்கானுங்களா?

கார்டு கிடைச்சிருச்சுங்க. ரேஷன் கார்டு, பட்டா நகல் எல்லாம் போட்டு வெக்கற பிஸ்கட் டின்ல அடியில கெடந்துச்சு, ஓரமெல்லாம் மஞ்சப் பூத்து. நியூக்ளியஸ், சிஐ24ஆர்இன்னு போட்டு ஒரு சீரியல் நம்பர் இருக்குது, ஆபரேஷன் தேதி, வலது காதுன்னு இருக்குது. இவ்வளவு நாள் வாரண்டிக்கு மட்டும் தான் இந்தக் கார்டுன்னு நெனச்சிட்டிருந்தேன்.


செங்கோட்டை ஆடியாலஜிஸ்ட்:

சார், கார்டு கெடச்சது ரொம்ப நல்லது. நான் ஆடியாலஜிஸ்ட், பதிமூணு வருஷமா காக்ளியர் பிள்ளைகளுக்கு மேப்பிங் பண்ணிட்டு இருக்கேன், புளியரை தாண்டி ஆரியங்காவு, புனலூர்ல இருந்தும் பிள்ளைங்க வருவாங்க.

சிஐ24ஆர்இ மாடலுக்கு கம்பெனியோட வழிகாட்டுதல் இதுதான்: 1.5 டெஸ்லால காந்தம் உள்ள இருக்கும்போதே எடுக்கலாம், ஆனா அவங்க சொல்ற முறைப்படி பட்டையும் கட்டும் போட்டு. 3 டெஸ்லான்னா காந்தத்த ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு தான். அதனால நியூரோ டாக்டர் எழுதுன 3 டெஸ்லா இப்போதைக்கு இல்லைன்னு வச்சுக்கோங்க. அவர் மேல தப்பு சொல்லல, வலிப்புக்கு 3ல படம் தெளிவா வரும்னு தான் எழுதியிருப்பாரு, ஆனா கார்ட அவர் பாக்கல. முதல் வேலையா கார்டோட அவரை திரும்பப் போய் பாருங்க.

இத மத்தவங்களும் படிப்பீங்கங்கறதால சொல்றேன். புதுசா வர்ற மாடல்ல இந்தக் கஷ்டம் பெரும்பாலும் இல்ல. மெட்-எல் சின்க்ரனி, அட்வான்ஸ்டு பயானிக்ஸ் அல்ட்ரா 3டி, நியூக்ளியஸ்ல சிஐ600 வரிசை, இதுல எல்லாம் உள்காந்தம் கூட்டுக்குள்ளயே தானா சுத்தி பெரிய காந்தத்தோட திசைக்கு வந்துரும், நெம்பாது, அதனால 3 டெஸ்லால கூட காந்தம் எடுக்காம எடுக்கலாம், அதுக்கும் அவங்கவங்க நிபந்தனை உண்டு. பழசுல ஒண்ணொண்ணுக்கும் ஒரு விதி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடுத்தாங்கன்னு நம்ம பிள்ளைக்கு எடுக்கக் கூடாது, ரெண்டு பேருக்கும் ஒரே கம்பெனின்னா கூட. ரெண்டு காதுலயும் வச்சிருந்தா ரெண்டு கார்டையும் பாக்கணும், ஒண்ணு பழசு ஒண்ணு புதுசா இருக்கும்.

இப்ப டாக்டர் கிட்ட என்ன பேசணும்னு சொல்றேன். காந்தத்தோட எடுத்தா அந்தப் பக்கம் படம் வராது. இம்ப்ளாண்டைச் சுத்தி பல சென்டிமீட்டர் அளவுக்கு கருப்பா நிழல் விழும், படம் கோணும். வலது காதுல வச்சிருக்கறதால வலது பக்க மூளைல, முக்கியமா காதுக்கு உள்பக்கமா இருக்கற டெம்போரல் பகுதி, ஒண்ணும் தெரியாம போக வாய்ப்பு அதிகம். டாக்டருக்கு அந்த எடம் தான் வேணும்னா காந்தத்தோட எடுத்து பிரயோஜனமே இல்ல, பிள்ளைய படுத்துனது தான் மிச்சம். அதனால முதல்ல ஈஈஜி, அதாவது தலையில வயர் ஒட்டி மூளையோட மின்சார அலையப் பாக்கற டெஸ்ட், எடுக்கச் சொல்லிக் கேளுங்க, அதுக்கு காக்ளியர் தடை இல்ல. சிடி ஸ்கேனும் எடுக்கலாம், அதுல காந்தமே கிடையாது, இம்ப்ளாண்டுக்கு ஒண்ணும் ஆகாது. எந்தப் பக்கத்துல இருந்து ஃபிட்ஸ் வருதுன்னு ஓரளவு தெரிஞ்சா அப்புறம் எம்ஆர்ஐ வேணுமா, எப்படி எடுக்கறதுன்னு அவரே முடிவு பண்ணலாம்.

வலது பக்கம் தான் பாக்கணும்னா காந்தத்த எடுக்கற சின்ன ஆபரேஷன் இருக்கு. உங்க மாடல்ல காந்தம் தனியா கழண்டு வரும். எடுத்துட்டு ஸ்கேன் பண்ணிட்டு திரும்ப வைப்பாங்க. அடிக்கடி ஸ்கேன் வேண்டி வரும்னா காந்தத்துக்குப் பதிலா காந்தமில்லாத ஒரு பிளக்க வச்சுட்டு, தோல் மேல ஒட்டுற வட்டு ஒண்ணு மூலமா காயில நிறுத்தலாம். காந்தம் எடுத்தாலும் கொஞ்சம் நிழல் இருக்கத் தான் செய்யும், ஆனா எவ்வளவோ குறையும். இது ஈஎன்டி சர்ஜன் முடிவு.

காந்தத்தோட 1.5ல எடுக்கறதுன்னு ஆச்சுன்னா, மார்த்தாண்டம் அம்மா சொன்ன மாதிரி ரோலர் துணி இல்ல. வெளிக் காந்தத்த வச்சு உள்காந்தம் இருக்கற எடத்தக் கண்டுபிடிச்சு பேனாவால குறிக்கணும், அது மேல கெட்டியான தட்டைப் பட்டை வைக்கணும், அது நகராம எலாஸ்டிக் கட்டு இறுக்கமா குறைஞ்சது ரெண்டு அடுக்கு. இது தெரிஞ்ச ஈஎன்டி டாக்டரோ ஆடியாலஜிஸ்டோ அங்கயே நிக்கணும், கட்டிட்டு போய்டறது இல்ல. கட்டு ரூமுக்கு வெளியவே முடிஞ்சிருக்கணும், உள்ள போயி கட்டறது கூடாது.

மயக்க மருந்து இல்லாம முடியும்னா நல்லது. உங்க பொண்ணுக்கு பன்னெண்டு வயசு, அவளால அசையாம படுக்க முடியும். முழிச்சிருந்தா வலிக்குதுன்னு சொல்லுவா, அந்த வலி தான் நமக்கு எச்சரிக்கை. ஆனா ஒண்ணு மறந்துடாதீங்க சார், ப்ராசஸர் கழட்டுன நிமிஷத்துல இருந்து அவளுக்கு ஒரு சொல்லும் கேக்காது. மைக்ல டெக்னீசியன் "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு சொல்றது அவளுக்கு இல்ல. முன்னாடியே சைகை பேசி வச்சுக்கோங்க. கையில அழுத்துற பல்பு குடுப்பாங்க, அதை எப்ப அழுத்தணும்னு வீட்டுலயே சொல்லிக் குடுங்க.

கடைசியா, எம்ஆர்ஐக்கு சம்பந்தமில்லாதது, ஆனா எழுதாம விட மனசு வரல. நாளைக்கு அப்பெண்டிக்ஸ், டான்சில் எந்த ஆபரேஷனா இருந்தாலும் காக்ளியர் இருக்குன்னு முதல்ல சொல்லுங்க, தலை கழுத்துப் பக்கம் மோனோபோலார்ங்கற வகை கரண்டு கத்தி (கரண்டால சதைய வெட்டற கருவி) வைக்கக் கூடாது. கார்ட ஃபைலோட முதல் பக்கத்துல வைங்க.


குமுளி ஏலத்தோட்டம்:

மேடம் ஒரு சந்தேகம். எனக்கு காக்ளியர் இல்ல, காதுக்குப் பின்னால எலும்புல ஸ்க்ரூ வச்சு அது மேல பட்டன் மாதிரி மெஷின் மாட்டுறது. எனக்கும் இதே சட்டமா?


செங்கோட்டை ஆடியாலஜிஸ்ட்:

தோலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற ஸ்க்ரூல மெஷின் சொடுக்கி மாட்டற வகையா? அப்படின்னா உள்ள இருக்கறது டைட்டானியம், காந்தம் இழுக்காது, மெஷினை மட்டும் கழட்டி வெளிய வச்சுட்டா 3 டெஸ்லா வரைக்கும் எடுக்கலாம். ஆனா ஸ்க்ரூ வெளிய தெரியாம தோல் மேல காந்தத்தால ஒட்டுற வகைன்னா உள்ள காந்தம் இருக்கு, அப்ப மாடல் பாத்து தான். பட்டன்னு சொல்றது ரெண்டு வகையையும் சொல்றாங்க, அதனால கார்டையும் டாக்டரையும் கேட்டுட்டே போங்க.


பொள்ளாச்சிக்காரன்:

அண்ணா நான் தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உள்ள காந்தம் இருக்கும்னே இன்னிக்கு தான் தெரியும். ஊருல எல்லாரும் ரெண்டையும் காது மெஷின்னு தான சொல்றோம். நீங்க எந்த எடம் போறதா இருந்தாலும் சொல்லுங்க, எங்கிட்ட வண்டி இருக்கு, வந்து கூட்டிட்டுப் போறேன்.


கொழிஞ்சாம்பாறை அப்பா:

தம்பி மன்னிப்பெல்லாம் வேண்டாம், நானும் அப்படித் தான நெனச்சிட்டிருந்தேன். எல்லாருக்கும் விவரம் சொல்லோணும்னு இருபது நாள் கழிச்சு எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

மேடம் சொன்ன மாதிரி கார்டோட நியூரோ டாக்டர்கிட்ட திரும்பப் போனோம். கார்ட வாங்கி ரெண்டு பக்கமும் பாத்துட்டு, 3 டெஸ்லான்னு எழுதுன சீட்ட அவரே கோடு போட்டு அடிச்சுட்டாரு. நல்லவேளை கொண்டு வந்தீங்கன்னாரு. ஈஈஜி எடுத்தாங்க, ஃபிட்ஸ் எடது பக்கம் டெம்போரல்ல இருந்து வர்ற மாதிரி தெரியுதுன்னாரு. சிடில ஒண்ணும் இல்ல. அப்பறம் ஈஎன்டி டாக்டருக்கு ஃபோன் போட்டு ரெண்டு பேரும் பேசி, காக்ளியர் வலது பக்கம், நமக்குப் பாக்க வேண்டியது எடது பக்கம், அதனால நிழல் விழுந்தாலும் பரவால்ல, 1.5ல கட்டு போட்டு எடுத்துரலாம்னு முடிவு பண்ணாங்க. நெழல் எங்க விழும்னு முன்னாடியே மேடம் சொல்லியிருந்ததால அவங்க பேசுனது எனக்குப் புரிஞ்சுதுங்க, இல்லைன்னா தலையாட்டிட்டு வந்திருப்பேன்.

ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருந்துச்சு. தெனமும் ராத்திரி சாப்பிட்டதும் ப்ராசஸர கழட்டிட்டு கட்டிலுக்கு அடியில பாய் போட்டு படுக்க வெச்சோம், மேல பலகை மூஞ்சிக்கு பக்கத்துல இருக்கணும்னு. அவங்க அம்மா காலடியில உக்காந்து கட்டை வெரல ஒரு தடவ அமுக்குனா அசையாத, ரெண்டு தடவ அமுக்குனா முடியப் போவுதுன்னு அர்த்தம். முதல் நாள் அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுட்டா. கடைசி நாள் அர மணி நேரம் படுத்தா. பல்புக்குப் பதிலா அவ தம்பியோட பீப்பீ பொம்மைய கையில குடுத்து அழுத்திப் பழகுனா, அவளுக்குக் கேக்காது, ஆனா நாங்க ஓடி வர்றது தெரியும்.

அன்னிக்கு பொள்ளாச்சி தம்பி தான் வண்டி எடுத்துட்டு வந்தாரு, வேலந்தாவளம் வழியா காலைல ஏழு மணிக்கெல்லாம் கோயமுத்தூர் போயிட்டோம். ஈஎன்டி டாக்டரும் ஆடியாலஜிஸ்ட் அம்மாவும் முன்னாடியே வந்திருந்தாங்க. வெளி ரூம்லயே முடிய ஒதுக்கி பேனாவால ஒரு வட்டம் போட்டு, பட்டைய வெச்சு, கட்டு சுத்துனாங்க பாருங்க, நம்ம ஊரு கள்ளு எறக்கறவங்க தலைப்பாகை மாதிரி, அவ்வளவு இறுக்கம். டாக்டர் விரல உள்ள விட்டுப் பாத்து விரல் போகலைன்னதும் தான் சரின்னாரு. பொண்ணு நெத்தி சுருங்கிப் போச்சு. ப்ராசஸர், காயில், ஸ்பேர் பேட்டரி எல்லாத்தையும் ஒரு டப்பாவுல போட்டு எங்கிட்ட குடுத்து வெளிய நிக்கச் சொல்லிட்டாங்க. அவங்க அம்மா கிட்டயும் ஃபார்ம் நெரப்பி, கொண்டை ஊசி சேப்டி பின் கொலுசு எல்லாம் கழட்டி, காலடியில நிக்க விட்டாங்க.

நான் கண்ணாடி வழியா பாத்தேன். டேபிள் உள்ள போறப்ப ஒரு எடத்துல புள்ள மொகம் சுளிஞ்சுது. டாக்டர் நிறுத்தச் சொன்னாரு. வீட்டுக்காரி வெரல அமுக்குனா. பொண்ணு கட்டை விரல தூக்கிக் காட்டுனா, போலாம்னு. அப்பறம் இருபத்தஞ்சு நிமிஷம் அசையவே இல்லீங்க.

வெளிய வந்து கட்டு பிரிச்சா பட்டை வெச்ச எடத்துல செவப்பா அச்சு விழுந்திருந்துச்சு. வீக்கம் இல்ல. இழுத்துச்சா வலிச்சுதான்னு கேட்டா, "உள்ள இருந்து யாரோ திருகற மாதிரி இருந்துச்சு, அப்பறம் போயிருச்சு"ன்னா. சத்தம் தான் கேக்கலையே எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். மாவு மில்லுல திண்ணை மேல உக்காந்தா இருக்குமே, அந்த மாதிரி முதுகு பூரா அதிர்ந்துச்சுன்னு சொல்றா.

படத்துல வலது பக்கம் தேங்கா மூடி கவுத்து வெச்ச மாதிரி கருப்பு. எடது பக்கம் தெளிவா இருக்குது. கட்டியோ வேற பயப்படற மாதிரியோ ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லி மாத்திரை ஆரம்பிச்சிருக்காரு. இது வரைக்கும் ஃபிட்ஸ் வரலைங்க.

அந்த முதல் சென்டருக்கும் போயிட்டு வந்தேன், சண்டைக்கு இல்ல. ஃபார்ம்ல காது இம்ப்ளாண்ட்னு ஒரு வரி சேத்துங்க, மலையாளத்துலயும் தமிழ்லயும் போடுங்கன்னு கேட்டேன். ஜடையத் தூக்குன பையன் அங்க இருந்தான், அவங்கிட்ட கார்டக் காட்டி உள்ள காந்தம் எங்க இருக்குன்னு சொல்லிட்டு, அவன் கையப் பிடிச்சுட்டு வந்தேன்.


மார்த்தாண்டம் அம்மா:

அண்ணா இப்பதான் மூச்சு விடுறேன். எனக்க மவன் இப்போ காலேஜ்ல ரெண்டாம் வருஷம், நல்லா இருக்கான். கட்டு பிரிச்ச பிறவு காயில் வச்சியளா, ஒட்டிச்சா? அத எழுதவே இல்ல.


கொழிஞ்சாம்பாறை அப்பா:

அக்கா, அத எழுத மறந்துட்டேன். வண்டியில ஏறுறதுக்கு முன்னாடியே வெச்சுப் பாத்தோம், கை நடுங்குச்சு. கிட்ட கொண்டு போகவுமே டக்குனு இழுத்து ஒட்டிக்கிச்சு. அடுத்த வாரம் மேப்பிங்ல பாத்தாங்க, 22 எலக்ட்ரோடும் பழைய மாதிரியே இருக்குதுன்னாங்க.